ஒரே சீட்டில் இரண்டு பேர்

2026 ஜூன் 7, ஞாயிறு

எடைக்கும் சர்க்கரைக்குமான வார ஊசியில் இது பத்தாவது. தொப்புளுக்கு இடது பக்கம். வலி இல்லை. எரிச்சல்தான் — அதுவும் ஊசியால் இல்லை, மூன்றாம் அறைக்காரனால்.

சாரல் விழ ஆரம்பித்து நாலு நாள்தான் ஆகிறது, அதற்குள் ஐந்தருவி ரோடு முழுக்க வண்டி. நம் லாட்ஜில் ஆறு அறையும் நிரம்பிவிட்டது. மூன்றாம் அறைக்கு வந்தவன் சாவியை வாங்கிக்கொண்டு பொண்டாட்டியிடம் சொல்கிறான்: "இங்க சாப்பாடு சூப்பரா இருக்கும் போல. ஓனரம்மாவைப் பாத்தாலே தெரியுதே." எனக்குக் கேட்கட்டும் என்றே சொன்னான். நாங்கள் சாப்பாடே போடுவதில்லை. மத்தியானம் பக்கெட் கேட்டு வந்தான். விரிசல் விட்ட பக்கெட்டைத் தேடி எடுத்துக் கொடுத்தேன்.

தொண்ணூற்றெட்டு கிலோவில் ஆரம்பித்து இன்று தொண்ணூற்று மூன்றரை. சர்க்கரை இறங்கியிருக்கிறது. மாடிப்படி ஏறினால் முட்டி முன்னைப்போல் கத்துவதில்லை. டாக்டரம்மா சொன்னபடிதான் எல்லாம்: வாரம் ஒரு நாள், அதே நாள். முதல் மாதம் மிகச் சின்ன அளவு, மாதாமாதம்தான் ஏற்றம். வயிறு போதும் என்றால் தட்டில் மிச்சம் இருந்தாலும் எழுந்துவிட வேண்டும். தண்ணீர் குடிக்க மறக்கக் கூடாது. சர்க்கரை மாத்திரையையும் அவரே பாதியாக்கினார், இல்லாவிட்டால் சர்க்கரை அடியோடு இறங்கிவிடுமாம். எதிலும் நான் அவசரப்படவில்லை. அவசரப்படுவது சுற்றியிருக்கிற ஜனம்தான். "ஊசி போட்டுமா இப்படி இருக்க?"

ஜூன் 9

ஐந்தாம் அறைக்காரி எங்கள் ஃபிரிட்ஜைத் திறந்து என் ஊசி மருந்துப் பேனாவை ஓரம் தள்ளிவிட்டு மீன் வைத்திருக்கிறாள். கேட்டதற்கு "ஒரு நாள்தானே அக்கா" என்றாள். மீனைத் தூக்கி அவள் அறை வாசலில் வைத்துவிட்டு வந்தேன்.

ஜூன் 14, ஞாயிறு

காலையிலேயே ஊசியைப் போட்டுவிட்டேன். பதினொரு மணிக்கு இராமலட்சுமி ஆலங்குளத்திலிருந்து வந்தாள். என் வீட்டுக்காரருடைய ஒரே தங்கச்சி. சீசனில் ஒரு ஞாயிறு அருவிக் குளியலுக்கு வருவாள், போகும்போது பாதி வீட்டைக் கட்டிக்கொண்டு போவாள். பிறந்த வீட்டுப் பங்காம். கல்யாணமான நாளிலிருந்து பார்க்கிறேன், இந்த வீட்டில் எது வாங்கினாலும் இரண்டு. எனக்கு மிக்ஸி என்றால் அவளுக்கும் மிக்ஸி. எனக்குப் பட்டு என்றால் அதே கரையில் அவளுக்கும் பட்டு. மாமியார் தொடங்கி வைத்தது. அவர் போய் எட்டு வருடம் ஆகியும் இவர் விடவில்லை. நானும் இதற்குச் சண்டை போட்டதில்லை. அந்தக் கரை என்னைவிட அவளுக்குத்தான் பொருந்தும், அதுதான் கடுப்பு.

இன்று அவளைப் பார்த்ததும் வாயைத் திறந்தபடி நின்றுவிட்டேன். கன்னம் ஒட்டி, ஜாக்கெட் தொளதொளவென்று. எட்டு கிலோ குறைந்திருக்கிறதாம்!

"செவ்வா, வெள்ளி ரெண்டு நாளும் வெறுந் தண்ணிதான் மதினி. அம்மன் புண்ணியம். எங்க தெருவுல பதினோரு பேரு இப்ப என்கூட வெரதம் இருக்காளுவ, தெரியுமா?"

இவர் உடனே என்னைப் பார்த்து, "பாத்தியா செல்வி, மனக்கட்டுப்பாடுன்னா இதுதான்" என்றார். அருவித் தண்ணீரை மொண்டு தலையில் ஊற்றலாம் போல இருந்தது.

மத்தியானம் இவர் பார்டர் கடையில் பரோட்டா வாங்கி வந்தார். நான் ஒன்றோடு நிறுத்தினேன். அவள் அரைப் பரோட்டா தின்றுவிட்டு எழுந்து ஓடி வாந்தி எடுத்தாள். அருவித் தண்ணீர் சேரவில்லையாம். நாற்பது வருடமாகச் சேர்ந்த தண்ணீர்!

ஜூன் 21, ஞாயிறு

இந்தப் பேனாவில் இன்னும் ஒரு வேளை இருக்க வேண்டும். நாலு வாரத்துக்கு ஒரு பேனா. மே 31, ஜூன் 7, ஜூன் 14 — மூன்றுதான் போட்டிருக்கிறேன், காலண்டரில் வட்டம் போட்டு வைத்திருக்கிறேன். இன்று அளவுக் குமிழைத் திருகினால் நகரவே மாட்டேன் என்கிறது. உள்ளே மருந்து இல்லை.

மருந்துக்கடை கிங்ஸ்லி குறைப் பேனாவை என் தலையில் கட்டியிருக்கிறான். நாளைக்கு இருக்கிறது அவனுக்கு.

ஜூன் 22, திங்கள்

முறையாக எழுதப் பார்க்கிறேன்.

தென்காசிக்குப் போய்க் கடையில் பத்துப் பேர் நிற்கும்போதே கிங்ஸ்லியைக் கிழித்துவிட்டேன். ஏமாற்றுக்காரன் என்றேன். எக்ஸ்பயரிச் சரக்கு விற்கிறவன் என்றேன். அந்தப் பையன் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னான்: "அக்கா, பேனாவுல கொறைய வழியே இல்ல. அப்படியே ஒண்ணு கெட்டாலும் இன்னொண்ணு இருக்கும்லா? போன மாசத்துல இருந்து ரெண்டு ரெண்டால்லா வாங்குதீங்க?"

"ரெண்டா?"

"அண்ணாச்சிதான் வந்து வாங்குதாவ. ஒங்க டாக்டர் சீட்டுதான். ஒங்களுக்கு டோஸ் கூட்டிருக்குன்னாவ. இந்தத் தடவ ஸ்டாக் இல்லாம ஒண்ணுதான் குடுத்தேன், இன்னொண்ணு போன செவ்வாக்கெழமைதான் வந்துச்சு."

அண்ணாச்சி என்றால் என் வீட்டுக்காரர். உத்தமர். முத்துச்செல்வம்.

நேரே அவருடைய பெயிண்ட் கடைக்குப் போனேன். என் முகத்தைப் பார்த்ததுமே எல்லாம் அவர் வாயில் வந்துவிட்டது. மே மாதத்திலிருந்து அவளுக்கும் வாங்கிக் கொடுத்திருக்கிறார். அவள் கேட்டாளாம். அழுதாளாம். நான் இரண்டாம் மாத அளவுக்கு ஏறிய சமயம் அது. அதனால் அவள் முதல் மாதச் சின்ன அளவே இல்லாமல் நேரடியாக இரண்டாம் மாத அளவில் தொடங்கியிருக்கிறாள். எனக்கு ஏற்றும்போது அவளுக்கும் ஏறியது. ஒரு டாக்டர் அவளைப் பார்க்கவில்லை. வாந்தி எடுத்தே எட்டு கிலோ. இதற்குப் பெயர் விரதம், இதற்குப் பெயர் அம்மன் புண்ணியம்.

"அன்னைக்கு அவ வந்தப்ப அவளுக்கு இன்னும் பேனா வரல. ஒனக்கு இருந்துச்சேன்னு ஒரு தடவ... ஊசி மாத்தித்தான் போட்டா செல்வி. புது ஊசி."

"ஊசிய மாத்துனா போதுமாலே? உள்ள இருக்கிறது ஒரே மருந்துல்லா? ஒருத்தி ரத்தம் இன்னொருத்திக்குப் போவாதா?"

இருபத்திமூன்று வருடத்தில் மரியாதையை விட்டு இவரை லே போட்டது இன்றுதான். கடைப் பையன்கள் எல்லாம் பார்த்தார்கள். பார்க்கட்டும்! மனக்கட்டுப்பாடாம். தெரிந்துகொண்டே என் முகத்தைப் பார்த்து அந்த வார்த்தையைச் சொன்னாரே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை.

ஜூன் 23

டாக்டரம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சத்தம் போடவில்லை, அதுவே பயமாக இருந்தது. அந்தப் பேனாவை இனி யாரும் தொடக் கூடாது என்று வாங்கி ஊசிக் குப்பையில் போட்டார். எனக்குப் பிறகு அவள் போட்டதால் என் ரத்தத்தை எடுத்தார். எனக்கு ஒன்றும் இல்லை என்று வந்தால்தான் அவளுக்குப் பயமில்லை. ஞாயிறு தவறிய ஊசியை ஐந்து நாளுக்குள் என்பதால் இன்றைக்கே புதுப் பேனாவில் போட்டுக்கொண்டேன். அதற்கு மேல் ஆகியிருந்தால் விட்டுவிட்டு அடுத்த ஞாயிறுதானாம். இரண்டாகச் சேர்த்துப் போடவே கூடாதாம்.

பிறகு அவளைப் பற்றி வரிசையாகக் கேட்டார். கணையத்தில் எப்போதாவது வீக்கம் வந்ததா? பித்தப்பையில் கல்? குடும்பத்தில் தைராய்டு கேன்சர்? வேறு மாத்திரை? எனக்கு ஒன்றுக்கும் பதில் தெரியவில்லை. எனக்கு இந்த ஊசியை ஆரம்பிக்கும்போது இவ்வளவும் கேட்டுவிட்டுத்தான் எழுதினார். அவளிடம் யார் கேட்டது? பெயிண்ட் கடைக்காரரா?

"ஒரு தடவை கூட்டிட்டு வாங்க. திட்ட மாட்டேன். மேல்வயிறு விடாம வலிச்சாலோ, தண்ணிகூடத் தங்காம வாந்தி வந்தாலோ காத்திருக்காதீங்க. அப்புறம், எந்த ஆபரேஷன்னாலும் இந்த ஊசி போடுறதை மயக்க டாக்டர்கிட்ட முதல்லயே சொல்லணும். இது வயித்தை மெதுவாக்கிடும். பட்டினி கிடந்தாலும் உள்ள சாப்பாடு நிக்கும். மயக்கத்துல அது மேல வந்து நுரையீரலுக்குள்ள போனா உயிருக்கே ஆபத்து."

ஜூன் 25

இராமலட்சுமிக்குப் போன் போட்டேன். என் ரத்தத்தில் ஒன்றும் இல்லை, பிழைத்தாய் என்றுதான் ஆரம்பித்தேன். டாக்டரம்மாவிடம் வா என்றேன். வரவே மாட்டாளாம். டாக்டர் சீட்டு வீட்டுக்கு வந்தால் நயினார் பார்த்துவிடுவாராம்.

நயினார் அவள் புருஷன். ஆலங்குளத்தில் வாழைக்காய் மண்டி வைத்திருக்கிறார். ஆட்கள் முன்னால் வைத்தே கட்டின பொண்டாட்டியை "ஏ அரிசி மூட்ட" என்று கூப்பிடுகிற பெரிய மனுஷன்.

"மதினி, இப்பத்தான் அவுக என்னைப் பேர் சொல்லிக் கூப்புடுதாக. பதினெட்டு வருசத்துக்கு அப்புறம். வெரதம் இருந்து கொறச்சேன்னு மண்டியில எல்லாருட்டயும் பெருமையாச் சொல்லுதாக. ஊசின்னு தெரிஞ்சா என்ன சொல்லுவாகன்னு ஒங்களுக்குத் தெரியாதா?"

தெரியும். தெரிந்ததால்தான் வயிறு எரிகிறது. ஒரு ஆள் பெயர் சொல்லிக் கூப்பிடுவதற்காக இவள் வயிற்றைப் பணயம் வைக்கிறாள். நிறுத்திவிடு என்றேன். சரி சரி என்றாள். அந்தச் சரியை நான் நம்பவில்லை.

ஜூலை 5, ஞாயிறு

ஊசி போட்டேன். தொண்ணூற்றொன்று. இவரோடு இன்னும் பேசவில்லை, சோறு மட்டும் வைக்கிறேன்.

ஜூலை 13, திங்கள்

நினைத்தபடியே. விடிகாலையில் இராமலட்சுமிக்கு மேல்வயிற்று வலி, முதுகு வரைக்கும். நயினார் காரில் போட்டுத் தென்காசி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்துவிட்டார். ஸ்கேனில் பித்தப்பையில் கல். உடம்பு வேகமாக இளைத்தால் வருமாம், முன்னாலேயே இருந்திருக்கவும் கூடுமாம். வலி அடங்கிவிட்டது. வியாழக்கிழமை காலை ஆபரேஷன்.

தனியாக மாட்டியபோது கேட்டேன், நிறுத்தினாயா என்று. சுவரைப் பார்த்தாள்.

"கடைசி ஊசி எப்பட்டி போட்ட?"

"சனிக்கெழம." என் சீட்டைப் போனில் படம் எடுத்து வைத்திருந்தாளாம். ஆலங்குளத்தில் ஏதோ ஒரு கடையில் காட்டி வாங்கியிருக்கிறாள். என் பெயர், என் வயசு, என் சர்க்கரை — அவள் வயிறு.

ஜூலை 15, புதன், சாயங்காலம்

நர்ஸ் வந்து எழுதிக்கொண்டு போனாள். சர்க்கரை உண்டா, பிரஷர் உண்டா, தினமும் போடுகிற மாத்திரை, ஊசி ஏதாவது? நயினார் கட்டில் பக்கத்தில் நிற்கிறார். இராமலட்சுமி "ஒண்ணும் இல்ல" என்றாள். போர்வைக்குள் என் கையைப் பிடித்து நெரித்தாள்.

நான் பேசாமல் இருந்தேன்.

ஏன் பேசவில்லை? கடைக்காரனை நடுக்கடையில் கிழிக்கத் தெரிந்தது. புருஷனை லே போடத் தெரிந்தது. அங்கே மட்டும் வாயில் கொழுக்கட்டையா? அவள் கை அவ்வளவு இறுக்கமாக இருந்தது, அதுதான். ஆறு மணிக்கு இரண்டு இட்லி சாப்பிட்டாள். இனி நாளைக் காலை வரை பட்டினி. வெறும் வயிறு என்றுதான் டாக்டர்கள் நினைத்துக்கொண்டிருப்பார்கள்.

இவரிடம் சொன்னேன், நீங்கள் போய்ச் சொல்லுங்கள், உங்கள் தங்கச்சி, நீங்கள் வாங்கிக் கொடுத்தது. "சின்ன ஊசி செல்வி, அதுபோய் என்ன செய்யப் போவுது? அவ குடும்பம் செதறிரும்லா" என்கிறார். குடும்பம் இருக்க ஆள் இருக்க வேண்டாமா?

ஜூலை 16, வியாழன்

எட்டு மணிக்குத் தியேட்டருக்குக் கொண்டுபோகிறோம் என்றார்கள். ஏழரைக்கு நான் மயக்க டாக்டர் அறைக் கதவைத் தட்டிவிட்டேன். தனியாகத்தான் போனேன், மெதுவாகத்தான் சொன்னேன். வாராவாரம் போடுகிற ஊசி, இன்ன அளவு, கடைசியாகச் சனிக்கிழமை, யாருக்கும் தெரியாது என்று. அவர் டீயை வைத்துவிட்டு எழுந்துவிட்டார். "நல்ல நேரத்துல சொன்னீங்கம்மா" என்று ஒரே ஒரு வார்த்தை.

அவள் வயிற்றில் ஸ்கேன் வைத்துப் பார்த்தார்கள். பதினாலு மணி நேரப் பட்டினி. நேற்றுச் சாயங்காலத்து இட்லி அப்படியே இருக்கிறதாம். வலி இல்லாததால் அவசரம் இல்லை, ஊசியை நிறுத்திப் பதினைந்து நாள் கழித்துச் செய்யலாம் என்றார்கள். தள்ளிப் போனால் காரணம் கேட்பார்தானே நயினார்? இராமலட்சுமியே வாயைத் திறக்க வேண்டி வந்தது.

வார்டே திரும்பிப் பார்க்கிற மாதிரி அந்த ஆள் கத்தினார். "ஊசியா? ஊரக் கூட்டி வெரதம்னு சொன்னியேடி! பதினோரு பொம்பளைக்கு வெரதம் சொல்லிக் குடுத்தவ! என் மூஞ்சிய மண்டியில எப்படிக் காட்டுவேன்?"

எனக்கு எங்கிருந்து வந்ததோ. "அண்ணாச்சி, அரிசி மூட்டன்னு பதினெட்டு வருசம் கூப்பிட்டது யாரு? அவ ஊசிய வயித்துலதான் குத்துனா. நீங்க எங்க குத்துனீங்கன்னு யோசிச்சுப் பாருங்க. மூஞ்சியாம் மூஞ்சி. சொல்லாம தியேட்டருக்குள்ள போயிருந்தா இந்நேரம் பாடி வாங்க நின்னுருப்பீங்க, அப்ப எந்த மூஞ்சியக் காட்டியிருப்பீங்க?"

அவர் வெளியே போய்விட்டார். இராமலட்சுமி என் பக்கம் திரும்பவே இல்லை. "இனிமே ஒங்க மொகத்துல முழிக்க மாட்டேன் மதினி" என்று சுவரைப் பார்த்துச் சொன்னாள்.

வரும் வழியில் இவர் ஆரம்பித்தார், நைச்சியமாகச் சொல்லியிருக்கலாமே என்று. வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கிப் பஸ்ஸில் வந்தேன்.

ஜூலை 18

அவளிடமிருந்து வாட்ஸ்அப்பில் குரல் செய்தி. "செத்தாலும் பரவால்லன்னுதான மதினி ஒங்க கையப் புடிச்சேன்?" அவ்வளவுதான். ஏழெட்டுத் தடவை கேட்டேன். செத்தாலும் பரவாயில்லையாம். உனக்குப் பரவாயில்லை, மூதி! எனக்கு?

ஆகஸ்ட் 2, ஞாயிறு

வெள்ளிக்கிழமை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததாம். இவர் சொல்லித்தான் தெரியும். என்னைக் கூட்டி வரக் கூடாது என்று சொல்லியனுப்பியிருந்தாள். இவர் மட்டும் போனார், இரண்டு வேளையும் ரசம் வைத்துக் கொடுத்தனுப்பினேன். யார் வைத்தது என்று சொல்ல வேண்டாம் என்றேன். ஊசி போட்டேன். சர்க்கரை பார்த்தேன், சரியாகத்தான் இருக்கிறது.

ஆகஸ்ட் 9

கிங்ஸ்லி கடைக்குப் போய், அன்றைக்கு நின்றதுபோல் ஆள் நிற்கும்போதே மன்னிப்புக் கேட்டேன். இப்போது ஆளைப் பார்க்காமல், புதுச்சீட்டு இல்லாமல் யாருக்கும் அந்தப் பேனாவைக் கொடுப்பதில்லையாம். "அண்ணாச்சி கேட்டாலும் குடுக்க மாட்டேன்கா." இதை முன்னாலேயே செய்வதற்கென்ன என்று இன்னொரு சண்டை பிடித்துவிட்டுத்தான் வந்தேன்.

ஆகஸ்ட் 16, ஞாயிறு

எண்பத்தெட்டு. சொல்ல ஆள் இல்லை. இவரிடம் சொன்னேன், தலையாட்டினார். பேச ஆரம்பித்துவிட்டேன், வேறு வழி?

ஆகஸ்ட் 23, ஞாயிறு

மத்தியானம் தெரியாத நம்பரிலிருந்து போன். ஆலங்குளத்திலிருந்து தங்கபுஷ்பமாம். இராமலட்சுமியின் தெரு, விரதம் இருந்த பதினோரு பேரில் ஒருத்தி. தென்காசி டாக்டரம்மா நம்பர் வேண்டுமாம். எனக்குப் புரியவில்லை. உங்களுக்கு யார் சொன்னது என்றேன்.

"இராமலட்சுமிதான் அக்கா. போன வெள்ளிக்கெழம எங்க எல்லாரையும் வீட்டுக்குக் கூப்புட்டா. நான் வெரதத்துல கொறையல, ஊசி போட்டேன், அதுவும் அடுத்தவ சீட்டுல போட்டேன்னு எல்லாத்தையும் சொல்லிட்டா. அவ வீட்டுக்காரரு அங்கனதான் இருந்தாரு, வாயத் தொறக்கல. யாராவது போடுததா இருந்தா டாக்டரப் பாத்துட்டு, ஒங்க பேருல சீட்டு வாங்கிப் போடுங்க, ஆபரேஷன் கீபரேஷன்னா மொதல்ல இதச் சொல்லுங்கன்னா. அவளும் இப்ப அந்த டாக்டரம்மாட்டதான் போறாளாம். எனக்கு மூச்சு எளைப்பு அக்கா, முட்டி வலி வேற. நம்பரக் கேட்டதுக்கு, என்ட்ட இல்ல, மதினிட்ட இருக்குன்னு ஒங்க நம்பரத் தந்தா."

இல்லையாம். அங்கே போகிறவளிடம் நம்பர் இல்லையாம்!

நம்பரைச் சொன்னேன். வைத்துவிடலாம் என்றுதான் இருந்தேன், வாய் சும்மா இருந்தால்தானே. என்னைப் பற்றி வேறு ஏதாவது சொன்னாளா என்று கேட்டுவிட்டேன்.

"தப்பா எடுத்துக்கிடாதீங்கக்கா. 'அந்தப் பொம்பளைட்ட மட்டும் ரகசியம்னு எதையும் சொல்லிராதீங்க, போட்டு ஒடச்சிருவா. அதனாலதான் நான் இன்னைக்கு உக்காந்து பேசிக்கிட்டு இருக்கேன்'னா."

மூதி. இதை என்னிடம் நேரில் சொன்னால் வாய் வெந்தா போகும்?